நீல ஓரம் வைத்த திரை

கிராணி ஐயாவுக்கு,

போன வாரம் பாரோய் கோயில் மண்டபத்தில் அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டர் திரையை மறுபடியும் பார்த்தேன். கை தானாகச் சுவிட்சைத் தேடிப் போனது. வெட்கத்தோடு இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அங்கே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். நானும் போகிறேன், ஐயா. வழியில் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்புத்தான், சந்தோசத்தில். இந்த மடலை எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதுகிறேன்.

டீச்சரிடம் எழுத்துப் பழகும் சீடி ஒன்று இருக்கிறது. மிகப் பழையது, இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஓடாதாம். அதனால் தன் லேப்டாப் திரையில் ஒரு சின்னச் சன்னலைத் திறந்து, அதற்குள் நம் ஆபீசில் இருந்த அதே பழைய விண்டோசை ஓடவிடுகிறார். பாடம் முடிந்து அதை மூடியபோது அந்தச் சன்னல் மட்டும் கறுத்தது. நடுவில் இங்கிலீசில் மஞ்சள் எழுத்து.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"இனி கம்ப்யூட்டர அடைக்கலாம்னு போட்டிருக்கு, தாத்தா."

இவ்வளவு காலம் கழித்துத்தான் அது என்ன சொன்னது என்று தெரிந்துகொண்டேன்.

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் முட்டி போனபின், மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாமல், நீங்கள் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஆபீசுக்கு வேலைக்கு வந்தேன். கூட்டுவது, தேத்தண்ணீர் கலக்குவது, கதவு பூட்டுவது. தமிழ், மலாய், இங்கிலீசு எல்லாம் படிப்பேன் என்று உங்களிடம் அடித்துவிட்டிருந்தேன். மத்தியானத்தில் பேப்பரை விரித்துப் படம் பார்ப்பேன்.

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்ட பிறகும், ரப்பர் பால் எடைக் கணக்குப் போடும் புரோகிராமுக்கு, விண்டோசுக்கு முந்திய டாஸ்தான் வேண்டியிருந்தது. விண்டோசுக்குள்ளேயே அதைத் திறப்பீர்கள். திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். நான் வாய்பிளந்து பார்த்தபோது சொன்னீர்கள்: "புது கோட்டர்ஸ் கட்டிக் குடுத்தாலும் பழைய குசினிலதானே சமைக்கிறோம் அண்ணே, அது மாதிரி லா."

சாயங்காலம் விண்டோசை மூடிவிட்டுக் கிளம்புவீர்கள். மெஷின் மெதுவானது, மூடிமுடிக்க நேரம் எடுக்கும். "கறுப்பாகி மஞ்சள் எழுத்து வந்தா சுவிட்ச அடைச்சிடுங்க அண்ணே" என்பீர்கள். தினமும் சரியாகச் செய்தேன்.

அன்று மாத எடையெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். பாதியில் ஸ்டோருக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனீர்கள். நான் உள்ளே வந்தேன். திரை கறுப்பாக இருந்தது. எழுத்து மஞ்சளாக இருந்தது. அடைத்துவிட்டேன்.

திரும்பி வந்து நின்றீர்கள். "யாரு அண்ணே அடைச்சது?"

"நீங்கதானே சொன்னீங்க, மஞ்சள் எழுத்து வந்தா..."

"எழுத்து என்னா சொல்லுதுன்னு பாக்கலியா? எடைக் கணக்கு பாதியில நின்னுச்சே!"

என் முகத்தையும் கக்கத்தில் இருந்த பேப்பரையும் பார்த்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. படிக்கத் தெரியாதவன் என்று வெளியே தெரிந்தால் ஆபீசுக்குள் எனக்கு என்ன வேலை? அதற்குள் மேனேஜர் வந்தார். கரண்ட் போய்விட்டது என்று மலாயில் சொல்லிவிட்டு, முதலிலிருந்து தட்டத் தொடங்கினீர்கள்.

மறுநாள் முதல் டாஸைத் திரை முழுக்கத் திறக்கவில்லை. சுற்றிலும் விண்டோசின் நீலம் தெரியும்படி, நடுவில் சின்னதாக வைத்துக்கொண்டீர்கள். யாரும் இல்லாதபோது ஒரே ஒருமுறை, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "ஓரத்துல நீலம் தெரிஞ்சா வேலை நடக்குது அண்ணே. தொடாதீங்க."

அவ்வளவு பொடி எழுத்து. உங்கள் கண்ணாடியோ போத்தல் அடி மாதிரி. மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து தட்டினீர்கள். லோரி டிரைவர் விடுவானா?

"என்னா கிராணி, இம்மாம் பெரிய டிவி குடுத்தும் தீப்பெட்டிக்குள்ள படம் பாக்குறீங்க!"

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன், ஐயா. எல்லாரையும்விடச் சத்தமாக. சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எனக்கு இப்படித்தான் வசதி லா" என்றீர்கள்.

நீங்கள் வேலையை விடும்வரை அந்தச் சன்னல் பெரிதாகவில்லை. எனக்காகத்தான் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் கருமாதிக்கு வந்தேன். மேசையில் அந்தக் கண்ணாடி இருந்தது. அதைப் பார்க்க முடியாமல், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மண்டபத்தில் அடுத்த பாடத்தின்போது டீச்சர் கேட்டார்: "கண்ணு தெரியலியா தாத்தா? திரை முழுக்கப் பெருசாக்கட்டா?"

"வேணாம்மா. ஓரம் தெரியட்டும்" என்றேன். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு, மூக்கு முட்டும்படி குனிந்து படித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். இந்த முறை நான் சேர்ந்துகொள்ளவில்லை.