ஒரு தட்டல் குறைவு

டோக்கியோ
ஜூன் 9, 1994

ஃபுகிகோவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் எழுத எனக்கு நேரமில்லை. நம் ‘உப்பு வண்டி’ குழுவின் முதல் ஆல்பத்தில் ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கேட்டுத் திருந்து. பத்தாவதான ‘பனி தள்ளுகிறவன்’ மட்டும் படுத்துகிறது. நீ போன பிறகு இரண்டு டிரம்மர்களை வேலையைவிட்டு அனுப்பினேன். பாட்டு தொடங்கும்போதே தாளத்தில் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறார்கள். மூன்றாவதாக ஒகாபே என்று ஒருவன். அவனும் ஓடுகிறான்.

உன் அண்ணனின் ஆப்பிள் கிடங்கில் நாம் வாசித்துப் பதிவுசெய்த கேசட் உன்னிடம் இருக்கிறதே, அதை அனுப்பு. அதையே கடைசிப் பாட்டாகப் போட்டுவிடலாம் என்கிறார் தயாரிப்பாளர். உன் பெயர் அட்டையில் வராது. பாடகனின் மனைவி டிரம் வாசித்தால் பெண் ரசிகர்கள் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனி போன வருஷமே சொன்னதுதான்.

புத்தாண்டுக்கு அனுப்பிய விவாகரத்துப் படிவத்தில் நீ இன்னும் உன் பெயர் முத்திரையைக் குத்தவில்லை. ஒரு முத்திரைக்கு ஆறு மாதமா?

குனிஹிரோ


ஹிரோசாகி
ஜூன் 17, 1994

பெருமதிப்புக்குரிய பாடகர் அவர்களுக்கு,

இங்கே காலையில் குளிர், மதியம் நல்ல வெயில். அண்ணனும் அண்ணியும் சுகம். கடிதத்தில் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுவது நம் ஜனங்களின் வழக்கம். அதையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டாய் போலிருக்கிறது.

ஆப்பிள் பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டிக்கொண்டிருக்கிறோம். நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு கட்டுகிறேன். கட்டிக்கொண்டேதான் உன் ஒன்பது பாட்டையும் கேட்டேன். முதல் பாட்டில் மழை, இரண்டாவதில் கண்ணீர், மூன்றாவதில் மழையிலேயே கண்ணீர். நாலாவதில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறாய். அதற்கு அர்த்தம் தெரிந்தவர் இந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை. உங்கள் ஸ்டூடியோவிலும் இருந்திருக்க மாட்டார்கள். ஐந்தாவது பாட்டின்போது அண்ணன் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, மாப்பிள்ளைக்குப் பல்லு வலியா? டாக்டர்கிட்ட போகச் சொல்லேன்” என்றார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார்.

கேசட்டை அனுப்புகிறேன். இவ்வளவு இளக்காரமாக எழுதுகிறேனே தவிர, வாரம் ஒருமுறை அதைப் போட்டுக் கேட்கிறவள்தான் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதில் நாம் நன்றாக இருக்கிறோம்.

என் பெயர் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. தொடக்கத்தில் நான் குச்சிகளைத் தட்டுவதிலிருந்து கடைசிச் சத்தம் வரைக்கும் எதிலும் கை வைக்கக் கூடாது. அது அப்படியே வந்தால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு டோக்கியோவுக்கு வருகிறேன். உனக்குச் சம்மதமானால்.

ஃபுகிகோ


டோக்கியோ
ஜூலை 4, 1994

ஃபுகிகோவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. பருவம் விசாரித்தாயிற்று, போதுமா?

கேசட் வந்தது. என் குரல் அப்போதே எவ்வளவு தேறியிருந்தது என்று எல்லோரும் வியந்தார்கள். உன் அண்ணனுக்கு ராக் புரியாததில் எனக்கு வருத்தமில்லை. ஆப்பிளுக்குப் பை கட்டத் தாளஞானம் தேவையில்லை.

நீ வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த வீட்டில் அரிசி வேகிற வாசனை வந்து ஒரு வருஷமாகிறது. நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன். எதிலும் கை வைக்க மாட்டோம். குச்சியால் குச்சியைத் தட்டுகிற சத்தத்தில் உனக்கு என்ன பெருமையோ, தெரியவில்லை.

குனிஹிரோ


டோக்கியோ
செப்டம்பர் 19, 1994

ஃபுகிகோவுக்கு,

ஆல்பம் இத்துடன். கடைக்கு வருமுன் உனக்குத்தான் முதல் பிரதி. கடைசிப் பாட்டைக் கேள். உன் வாசிப்பு அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். பாட்டைத் தொடங்க நாலு தட்டல்தான் கணக்கு. நீ ஐந்து தட்டியிருந்தாய். முதலாவது கை நழுவிப் பட்டதுபோல மெதுவாக, தனியாக இருந்தது. ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார். “அண்ணே, அக்காவுக்கு எண்ணத் தெரியாதா?” என்று கேட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த ஒன்றை வெட்டச் சொன்னேன். எட்டு வருஷமாக இப்படி ஒரு டிரம்மரை வைத்துக்கொண்டா பாடினேன் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. ஒகாபேவை அடுத்த வாரம் அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

குனிஹிரோ


ஹிரோசாகி
செப்டம்பர் 27, 1994

குனிஹிரோ அவர்களுக்கு,

பழங்களின் பைகளைக் கழற்றிவிட்டோம். வெயில் பட்டு நிறம் ஏறிக்கொண்டிருக்கிறது. மலையில் காற்று மாறிவிட்டது.

கடைசிப் பாட்டைக் கேட்டேன். நாலு தட்டல் இருந்தது. எனக்கு எண்ணத் தெரியும்.

எட்டு வருஷம், ஒவ்வொரு மேடையிலும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்துதான் தட்டினேன். ஒருநாளாவது நீ எண்ணிப் பார்த்ததில்லை. பாட்டு தொடங்கும் நேரத்தில் நீ முடியைச் சரிசெய்துகொண்டிருப்பாய், அல்லது முன்வரிசையில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். முதல் தட்டல் உன் காதில் ஏறாது. இரண்டாவதைத்தான் ஒன்று என்று எண்ணுவாய். நாலே தட்டினால் நீ ஒரு தட்டல் பிந்தித்தான் பாட வருவாய். ஆகவே கணக்குக்கு முன்னால் உன்னைக் கூப்பிட ஒன்று தட்டினேன். மற்ற நாலும் பாட்டுக்கு. ‘தாளம் என் ரத்தத்தில் இருக்கிறது’ என்று நீ பேட்டி கொடுத்தபோதும் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் உன் முகம் சுருங்கிப் போகும். அதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவு பிரியம் வைத்திருந்தேன்.

அந்தக் கேசட்டில் எனக்கென்று நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். நிபந்தனையை ஏற்றுக்கொண்டு, யாரோ ஒருவர் சிரித்ததற்காக அதையே வெட்டிவிட்டு, என் மானத்தைக் காப்பாற்றியதாக எழுதுகிறாய்.

ஒகாபேவை அனுப்பாதே. அவன் ஓடவில்லை, அவனுக்கு முன்னால் வந்த இருவரும் ஓடவில்லை. ஐந்து தட்டச் சொல்லி அவனிடம் கேள். கேட்க உனக்கு வாய் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணனும் அண்ணியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நானும் முத்திரை குத்திவிட்டேன், ஒரே தட்டலில்.

ஃபுகிகோ