கடைசிப் பக்கத்தில் என் தாழ்ப்பாள்

என் உயிருக்கு உயிரான அந்தோனி அண்ணா,

நீங்கள் புனிதர்களைப் பற்றி நாற்பது புத்தகம் எழுதியவர். நான் கருவாடு விற்றுக் கடை வைத்தவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கோயிலில் உங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள். புதுப் பாதர் எழுதிக்கொண்டுவந்து என் கடையில் வாசித்தார். கலவரத்தில் கும்பல் வந்தபோது நீங்கள் முழங்காலில் நின்று, அடித்தவர்களுக்காகச் செபித்தபடியே உயிர்விட்டீர்களாம்.

"அண்ணன் முழங்கால் போடலங்க பாதர். மம்பட்டிக் காம்பால ஒருத்தன் மண்டையப் பொளந்தாருங்க."

"நீங்க அன்னிக்குச் சரக்கெடுக்க நிவித்திகல டவுனுக்குப் போயிருந்ததா சொன்னீங்களே முதலாளி? எப்படித் தெரியும்?"

அரிசி நிறுக்கத் திரும்பிக்கொண்டேன்.

ஒவ்வொரு புனிதர் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை அவர் செய்த பிழைகளுக்கென்றே ஒதுக்கியவர் நீங்கள். பழைய பாதர் கோபப்பட்டபோது, "பாவமே செய்யாதவரு போன வழி நம்ம காலுக்கு எட்டுமாங்க?" என்று கேட்டீர்கள். அந்தப் பக்கத்தோடு கோயில் வாசலில் விற்க விடமாட்டேன் என்றார் பாதர். உங்களுக்குத் தெரியாமல் கிழித்துவிட்டு விற்றேன் அண்ணா. நன்றாகவே விற்றது.

அன்று பட்டப்பகல். நம் லய வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் பொல்லுத் தடியும் கத்தியுமாக வந்தார்கள். தீயில் கால் வெந்த பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவை இழுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தீர்கள்.

"டேய் சூசை! தொறடா!"

பலகைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை.

இடுக்கு வழியே பார்த்தேன். முதல் அடி உங்களுடையது. ஒருவன் சாய்ந்தான். "ஓடு பாக்கியம்!" என்று கத்தினீர்கள். அவள் நொண்டிக்கொண்டே றப்பர் மரங்களுக்குள் மறைந்தாள். அப்புறம் பொல்லுகள் ஒன்றாக இறங்கின. ஒவ்வோர் அடிக்கும் பலகை என் நெற்றியில் இடித்தது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கதவடியால் உங்கள் இரத்தம் உள்ளே வந்து அரிசிச் சாக்கை நனைத்தது. மூச்சு நிற்கும்வரை அவர்களைத் திட்டிக்கொண்டேதான் இருந்தீர்கள்.

நான் உள்ளே இருந்தது தெரிந்தா கூப்பிட்டீர்கள்?

பாக்கியம் அக்கா இன்னும் என்னிடம்தான் சாமான் வாங்குகிறாள். "நீ மட்டும் கடையில இருந்திருந்தா தொறந்திருப்ப தம்பி," என்கிறாள். அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

இந்தக் கடிதத்தை ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் முன்னால் நானே வாசிக்கப்போகிறேன். பிறகு பாதர் கையில் கொடுப்பேன். உங்கள் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இதுதான். உங்கள் அடியும் அதில் இருக்கும், என் தாழ்ப்பாளும் இருக்கும். இந்த முறை கிழிக்க மாட்டேன், சத்தியம்.

கதவுக்குப் பின்னால் நின்ற உங்கள் தம்பி,
சூசை