தானாகவே ஓடட்டும்

இன்று மத்தியானம் தெமியாங்கில் இடி இடித்தது. என் கை தானாக எழுந்து மெயின் சுவிட்சை இறக்கியது. கடைமாடியில் நம் அலுவலகம் இருண்டதும் உன் கேலிதான் நினைவுக்கு வந்தது. "பாத்தியா, நீயும் எஸ்டேட்காரிதான்லா."

கோலா சாவா, புக்கிட் பெலண்டோக் எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டிய பழைய கணினிகள் மேசைமேல் இருக்கின்றன. இனிமேல்தான் லினக்ஸ் ஏற்றவேண்டும். பிரிண்டருக்கான சேவை இருக்கட்டும், புளூடூத் வேண்டாம் என்று மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது. ஒன்றில் மட்டும் நிற்கிறேன். யாரும் கேட்காமலே பின்னணியில் ஓடி, அப்டேட்டை இறக்கிப் பதித்துக்கொள்ளும் சேவை. நாம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்களெல்லாம் அதனால்தான்.

அது இல்லாவிட்டால் கண்டவனும் கணினிக்குள் நுழைவான் என்றேன். நீ அசையவில்லை. "எஸ்டேட் லயத்து வீட்டுல வளந்தவங்க இடி சத்தம் கேட்டாலே மெயின் சுவிட்ச அடைச்சிருவாங்க. அந்த நேரம் பார்த்து அது பாதி எழுதிக்கிட்டு இருந்தா? கம்ப்யூட்டர் அப்புறம் எழும்பாது. பிள்ளைங்க செஞ்சு வச்ச பாடமெல்லாம் போச்சு."

"அப்ப யாருடி அப்டேட் பண்றது?"

"நான் போறேன்லா. மோட்டார் இருக்கு."

போனாய். மாதாமாதம், அந்த மோட்டார் சைக்கிளில், வீடு வீடாக. வேலை முடியும்வரை கூடவே உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தாய். பிடிவாதக்காரி. நீ சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். புக்கிட் பெலண்டோக் ரோட்டில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் திரும்பும் வளைவில், மழையில் உன் மோட்டார் சறுக்கியது. யார் வீட்டுக் கணினிக்கோ அப்டேட் போடப் போகையில்.

உன் இடத்துக்கு வந்திருப்பவள் நல்லவள். நேற்று இந்தப் பேச்சு வந்தபோது அவளும் சொன்னாள்: "சேவை வேணாம்க்கா, நான் போயிட்டு வந்துடுறேன். மோட்டார் இருக்கு." நான் எழுந்து போய்விட்டேன்.

இடி நின்றதும் சுவிட்சைப் போட்டேன். எல்லாக் கணினியிலும் லினக்ஸ் ஏற்றி, அந்தச் சேவையையும் சேர்த்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என்னோடு பேசியிருக்கமாட்டாய். ஒன்றிரண்டு கெட்டுப்போகும், தெரியும். பிள்ளைகள் அழும், பெற்றவர்கள் என்னைத் திட்டுவார்கள். வாங்கிக்கொள்கிறேன். உன் வீட்டு வாசலில் நின்று உன் அம்மாவிடம் நீ போய்விட்டாய் என்று சொன்னவள் நான். இன்னொரு அம்மாவிடம் போய்ச் சொல்ல என்னால் ஆகாது.