செவ்வாயில் படிந்த தூசி

வாயாடிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மழுப்பாமல் எழுது. குட்டிக்குப் பல் விழுந்துவிட்டதா?

இந்த மாதமும் வர முடியாது. செவ்வாய்க் கிரகத்தில் புழுதிப்புயல் ஓய்ந்துவிட்டது. ஆனால் அங்கே நிற்கும் எங்கள் வண்டியின் சோலார் தகடுகளில் தூசி அப்படியே கிடக்கிறது. மின்சாரம் இல்லாமல் அது வாயே திறக்கவில்லை. "வண்டி பேசுற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது" என்கிறார் மேலதிகாரி. தூசி எப்போது போகும் என்று கேட்டால், "காத்து அடிச்சாப் போகும்" என்கிறார். கொட்டியதும் காற்றுதான், அள்ளவும் அதுவே வரவேண்டுமாம். வெறும் திரையைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாக வருகிறது.

"ஒரு துணியால துடைச்சா முடிஞ்சுது, இதுக்குப் போயா லீவு தரல?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, அதை ஆபீசில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் அதையேதான் கேட்டார்களாம்.

கவலைப்படாதே, இங்கே நல்ல வெயில். என் மூக்குக்கண்ணாடி துடைக்க உன் பழைய நூல்புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. கடையில் கிடைக்காதா என்று கேட்காதே.

ஆபீஸ் வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது.

உன்
சோம்பேறி

துணியைத் துவைத்து அனுப்பிவிடாதே.