மூன்றாவது அரங்கின் கருத்துச் சீட்டுகள்

மார்ச் 3, வெள்ளி

முழங்கால் வீங்கிவிட்டது. ஒன்பது மணி நேரம் வாசலில் நிற்பதென்றால் சும்மாவா? பறக்கும் வீரன் படத்தின் புதிய பாகம் இன்று வந்தது. முதல் அரங்கு நிரம்பி வழிந்தது. படம் முடிந்து வெளியே வருகிறவர்களை மறித்து மூன்று கேள்வி கேட்க வேண்டும்: பிடித்ததா, எந்த இடம் பிடித்தது, இன்னொருவரைப் பார்க்கச் சொல்வீர்களா. அவர்கள் சொல்லச் சொல்ல நான் சீட்டில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. கழிப்பறைக்கு ஓடுகிறவனை நிறுத்திக் கருத்துக் கேட்கிறவளை யாருக்குப் பிடிக்கும்!

"பறக்கத் தெரிஞ்சவன் எதுக்குங்க மாடிப்படி ஏறி வர்றான்?" என்றார் ஒரு பெரியவர். ஒரு கல்லூரிப் பெண், "இதோட ஆறு தடவை உலகத்தைக் காப்பாத்திட்டான், அது திருந்துற வழியைக் காணோம்" என்றாள். இரண்டையும் அப்படியே எழுதினேன். மேலாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த வெள்ளி மூன்றாவது அரங்கில் தம்பி இயக்கிய படம். அதற்கும் சீட்டு எழுதப் போவது நான்தான்.

மார்ச் 5, ஞாயிறு

தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு வருடம் இந்த ஒரு பேய்ப் படத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறான். அதற்கு முன் ஒரு படம் பாதியில் நின்றபோது இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நான்தான் தலை சீவிவிட்டேன், கல்யாண வயதைத் தாண்டியவனுக்கு. இன்னொரு முறை அப்படி விழுந்தால் எழுந்திருப்பானா, தெரியாது. வெள்ளி முதல் ஞாயிறு வரை சேரும் சீட்டுகளைப் பார்த்துத்தான் தலைமை அலுவலகம் படத்தை வைத்துக்கொள்வதா தூக்குவதா என்று திங்கட்கிழமை முடிவு செய்யும். அதாவது, என் கையெழுத்தைப் பார்த்து.

"அக்கா, நீ பாப்பேல்ல?" என்றான்.

"பாக்காம பின்ன?"

பொய். கதை எனக்குத் தெரியும். ஒரு சின்னப் பையன், வெளியே தாழ் போட்ட ஒரு அறை. எந்த அறை, யார் தாழ் போட்டது என்று எனக்கா தெரியாது? படுக்கையை நனைத்தால் அப்பா அவனைச் சாமான் அறைக்குள் தள்ளித் தாழ் போடுவார். அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினான்கு. அப்பா கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் — எப்போதுமேவா உட்கார்ந்திருந்தார்? நடுவில் எழுந்து போகவே இல்லையா? நான் அந்தத் தாழைத் தொட்டதில்லை. இதைப் பற்றி நானும் தம்பியும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மார்ச் 10, வெள்ளி

மதியக் காட்சிக்கு முப்பத்தொரு பேர். நான் உள்ளே போகவில்லை. முதல் அரங்கில் கூட்டம், நகர முடியாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தவர்கள் வறுத்தெடுத்துவிட்டார்கள். "பேய்ப் படம்னு வந்தா பேயே லீவு போட்டிருக்கு." "ஒன்றரை மணி நேரம் ஒரே கதவைக் காட்டுறாங்க. எங்க வீட்டுலயே நாலு கதவு இருக்கு." மனைவியோடு வந்த ஒருவர், "ஏசி நல்லா இருந்துச்சு, எழுதிக்குங்க" என்றார். கடைசியாக ஒரு பெண்: "எதுக்குங்க ஒருத்தி வெளிய உக்காந்து அறிவியல் பாடம் படிச்சிக்கிட்டே இருக்கா? பரீட்சைக்குப் போன மாதிரி தலைவலி."

பேனா நின்றுவிட்டது. அறிவியல் பாடம்.

அவன் உள்ளே அழும்போது காதில் விழக் கூடாதென்று நான் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உரக்கப் படிப்பேன். அவன் கத்தக் கத்த நானும் சத்தத்தைக் கூட்டுவேன். அப்போ என்னையும் படத்துல வச்சிருக்கான். எல்லாம் ஞாபகம் வச்சிருக்கான். ஊரைக் கூட்டிச் சொல்லிட்டான்.

அந்தப் படத்தை நான் பார்க்க மாட்டேன். என்னால் ஆகாது.

ஆனால் சீட்டுகளை என்ன செய்வது? ஊழியர் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். முப்பத்தொன்றையும் கிழித்துப் போட்டேன். முதல் அரங்குக்காரர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளைப் புதுச் சீட்டுகளில் எழுதி, மேலே மூன்றாம் அரங்கு என்று போட்டேன். "சீட் நுனிக்கு வந்துட்டேன்." "இன்னொரு தடவை பாப்பேன்."

மார்ச் 11, சனி

சீட்டுகளைப் போனில் படமெடுத்துக் காட்டினேன். தம்பி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படித்தான், இரண்டு தட்டு சாப்பிட்டான், குளியலறையில் பாடினான். எத்தனை மாதமாயிற்று அவன் பாடிக் கேட்டு!

பாப்கார்ன் விற்கிறவள் என்னோடு சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறாள்; அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "மூணாவது அரங்குக்கா இவ்வளவு நல்ல பேரு? எங்கிட்ட வந்தவங்க எல்லாம் மூஞ்சிய உர்ருனு வச்சிக்கிட்டில்ல போனாங்க?" என்றாள். "உன் வேலையைப் பாருடி" என்றேன்.

மார்ச் 12, ஞாயிறு

மூன்று அரங்கும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டன. அவசரத்தில் எதை எடுத்து எழுதினேன் என்றே பார்க்கவில்லை.

அவன் நேற்றுப் போலவே போனை வாங்கிப் படித்தான். ஒரு சீட்டில் நின்றான். "அம்மா பாலத்துல கையை விடுற இடத்துல அழுதுட்டேன்."

"அக்கா, என் படத்துல பாலம் இல்ல. அம்மாவும் இல்ல."

ஏதாவது சொல்லியிருக்கலாம், யாரோ மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று. தோன்றவில்லை.

"எல்லாம் நீயே எழுதினதா?" என்றான். அதற்குக்கூட அவன் குரல் உயரவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேட்டான். "அப்போ நீ படமே பாக்கலையாக்கா?"

மார்ச் 13, திங்கள்

தலைமை அலுவலகம் படத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொண்டது. மேலாளர் கை குலுக்கினார்.

காலையில் எழுந்தபோதே தம்பி இல்லை. இரண்டு பை, மடிக்கணினி, எதுவும் இல்லை. படத்தொகுப்பாளர் நண்பனின் அறையில் இருக்கிறானாம். போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.

மார்ச் 14, செவ்வாய்

இரண்டரை மணிக் காட்சி. என்னோடு நான்கு பேர். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கேமரா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. இருட்டு, கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம், பையனின் மூச்சு. சுவரில் ஏதோ ஊர்கிறது. அவன் கத்துகிறான். அப்போது வெளியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வருகிறது — நீர் கொதித்தால் ஆவியாகும், ஆவி குளிர்ந்தால் நீராகும். பையன் கத்துவதை நிறுத்துகிறான். கதவில் காதை வைத்துக் கேட்கிறான். ஊர்ந்தது பின்வாங்குகிறது. குரல் நின்றால் வருகிறது, குரல் வந்தால் போகிறது. படம் முழுக்க இதுதான். கடைசியில் அந்தப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போகிறான்.

பிறகு திரையில் ஒரு வரி. "வெளியே இருந்து எனக்காகப் படித்த அக்காவுக்கு."

எனக்காகவாம். அட பாவி! எனக்காகவாம்!

விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. சுத்தம் செய்ய வந்தவர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் அவன் சத்தத்தை அமுக்கப் படித்தேன். அவன் அதைத் துணைக்கு என்று எடுத்துக்கொண்டு இருபத்தொன்பது வருடம் வளர்ந்திருக்கிறான்.

மார்ச் 16, வியாழன்

விடுப்பு நாள். நண்பனின் அறையைத் தேடிக்கொண்டு போனேன். தம்பிதான் கதவைத் திறந்தான். மடித்த துணிகளை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டு உட்காரச் சொன்னான். டீ போட்டுக் கொடுத்தான்.

"பாத்துட்டேன்டா."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ. "எப்படிக்கா இருந்துச்சு?"

"ரொம்ப அழுதேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு, வாடா வீட்டுக்கு என்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். ஆனால் சீட்டு விஷயத்தில் பட்ட அவமானம் விடவில்லை. இனி இவனிடம் ஒரு பொய்கூடக் கூடாது என்று பெரிய அரிச்சந்திரி மாதிரி நினைத்துக்கொண்டேன். "அது உனக்காகப் படிச்சது இல்லடா. நீ அழுறது காதுல விழக் கூடாதுன்னு படிச்சது" என்றேன்.

டம்ளரின் அடியைத் துடைத்தான், மேசையைத் துடைத்தான்.

"இத ஏன்க்கா சொன்ன?"

"இனிமே உங்கிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னு —"

"போயும் போயும் இதுலயா ஆரம்பிக்கணும்?"

எழுந்து வந்துவிட்டேன். அவன் வாசல் வரை வந்தான். பஸ்ஸில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

மார்ச் 17, வெள்ளி

மூன்றாவது அரங்கின் சீட்டுகளைச் சொன்னது சொன்னபடி எழுதினேன். திங்களன்று தூக்கிவிடுவார்கள்.

ஏப்ரல் 28, வெள்ளி

பறக்கும் வீரனுக்கு இன்னும் கூட்டம் குறையவில்லை. பாப்கார்ன்காரி ஓடி வந்து போனை நீட்டினாள். "உன் தம்பி படம் போன்ல வந்திருக்குடி, எல்லாரும் ஆகா ஓகோங்கிறாங்க!"

சாப்பாட்டு நேரத்தில் ஊழியர் அறையில் பார்த்தேன். அதே அறை, அதே வெளிச்சக் கோடு. பையன் கத்துகிறான். நான் காத்திருந்தேன். குரல் வரவில்லை. பையன் கதவில் காதை வைக்கிறான், வெளியே ஒரு சத்தமும் இல்லை. படம் முடியும் வரை இல்லை. முடிவில் அந்த வரியும் இல்லை.

தம்பி நன்றாக இருக்கிறானாம். அடுத்த படத்துக்கு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்களாம், நண்பன் சொன்னான். படுத்துக் கிடக்கவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறான். எனக்கு அது போதும். போதும் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

கீழே கருத்துகள் போய்க்கொண்டே இருந்தன. "தியேட்டர்ல பாத்தப்ப ஒரு பொண்ணு பாடம் படிச்சே கொன்னா, அதைத் தூக்கினது நல்லதாப் போச்சு." அடுத்து ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "வெளிய யாருமே இல்லைன்னு அந்தப் பையனுக்குப் புரியுற இடம் இருக்கே, அதுதான் நிஜ பயம்." அதை நானூறு பேர் ஆமோதித்திருந்தார்கள். நானும் லைக்கை அழுத்திவிட்டு, மதியக் காட்சி விடும் நேரமாகிவிட்டதால் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.