செல்வியின் புதுக் கடிகாரம்

12 நவம்பர் 1991, செவ்வாய். திருவண்ணாமலை.

அந்தக் கடிகாரத்தை நான் வாங்கியே வந்திருக்கக் கூடாது.

லீவில் வரும்போது மகள் செல்விக்கென்று வாங்கிய எலக்ட்ரானிக் கைக்கடிகாரம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி கமலா கத்தினாள்: "ஏய் செல்வி, அந்த அலாரத்த நிறுத்துடி. காத கொடையுது."

எந்த அலாரம் என்று கேட்டேன். அம்மாவும் மகளும் சேர்ந்து கிண்டல் செய்வதாகத்தான் நினைத்தேன். கடிகாரத்தை வாங்கிக் காதில் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"அடிச்சிக்கினேதான் இருக்குதுப்பா" என்றாள் செல்வி.

சும்மா விளையாடினேன் என்று சிரித்து மழுப்பிவிட்டேன். கடிகாரத்தைச் செல்வியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இத்தனை வருடம் விமான இன்ஜின் பக்கத்திலேயே நிற்கிற மெக்கானிக் நான். இன்ஜின் லேசாகப் பிசகினாலும் ஓசையை வைத்தே சொல்லிவிடுவேன். விமானத்திலேயே பறந்து இன்ஜினைக் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர் ஆவதற்கான எழுத்துப் பரீட்சையெல்லாம் பாஸ். பாக்கி இருப்பது மெடிக்கல் மட்டும், அடுத்த வாரம். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கனத்த சத்தத்திலிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வரை ஒவ்வொன்றாக விட்டு, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்களாம்.

சாயங்காலம் செல்வியோடு கிரிவலப் பாதையில் நடந்தேன். முன்பெல்லாம் இருட்டினால் அங்கே சில்வண்டுச் சத்தம் காதைப் பிளக்கும். போன லீவில் வந்தபோதே அது இல்லை. லாட்ஜும் கடையும் பெருகி அதுவும் போய்விட்டது என்று கமலாவிடம் வருத்தப்பட்டேன்.

இன்று செல்வியிடம் கேட்டேன். "ஏம்மா, இங்க சில்வண்டு கத்துமே, இப்பல்லாம் இல்லியா?"

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பக்கூட கத்துதேப்பா."