இரண்டு வருஷத்தில் ஏழு பொட்டலம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகம்தானே. போன வாரம் போனில் ஒன்று சொன்னாய், ஸ்கேனில்தான் ஒன்றும் இல்லையே, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறீர்கள், தங்கச்சியை நாற்காலியை விட்டு எழுந்து நடக்கச் சொல்லுங்கள் என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நீ சொன்னதற்காகவே மறுநாள் அந்த ஸ்கேன் படத்தோடு வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். உன் அத்தை வாசலில் நின்று, பொம்பளை சமாசாரத்துக்கு அப்பன்காரன் துணையா, வெட்கமா இல்லையாடா உனக்கு என்றாள். அப்ப நீ வர்றியாக்கா என்றேன், செருப்பைத் தேடப் போனவள் திரும்பி வரவே இல்லை.

டாக்டரம்மா படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். சினைப்பையில் குட்டிக் குட்டி முட்டைப்பைகள் நிறையத் தெரிந்தால் அது ஒரு சாட்சி, தெரியாததால் நோயே இல்லை என்றாகாது, மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவது ஒரு சாட்சி, ஆண்களுக்குச் சுரக்கும் ஹார்மோன் இவளுக்குக் கூடுதலாகச் சுரப்பது இன்னொன்று, மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோயும் இல்லையென்றால், நீர்க்கட்டி நோய் என்பார்களே, அதுதான் என்றார். மோவாயில் முடி இருப்பதை அவரே பார்த்துவிட்டார். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்றேன். மாதவிலக்கு எப்போதெல்லாம் வந்தது என்று கேட்டதற்கு இவள் குனிந்துகொண்டு, பயத்தில் குறித்து வைக்கவில்லை என்றாள். நான் சொல்லட்டுமா பாப்பா என்று கேட்டேன், தலையாட்டினாள். உன் அம்மா போனதிலிருந்து மருந்துக்கடையில் இவளுக்குப் பேடு வாங்கிவருவது நான்தானே. எழுத்துத் தெரியாதவனுக்குத் தலைதான் நோட்டு. கூரை ஒழுகிய மாதம் ஒன்று, உன் குழந்தை பிறந்த மாதம் ஒன்று, அப்புறம் ஐந்து மாதம் கடைப்பக்கமே போகவில்லை, இப்படி இரண்டு வருஷத்தில் மொத்தம் ஏழு பொட்டலம் என்று வரிசையாகச் சொன்னேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா என்று முழுவதும் எழுதிக்கொண்டார். ரத்தமும் எடுத்தார்கள். தைராய்டு இல்லை, மற்றதும் இல்லை, இதுதான் என்று நேற்று சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார், நடக்கவும் சொன்னார், ஆனால் நடக்காததால் வந்த நோய் இல்லை என்று அழுத்திச் சொன்னார். பிற்பாடு குழந்தை பெறவும் வழி உண்டாம்.

வெளியே சொல்லாதீர்கள் என்றும் அன்றைக்குப் போனில் சொன்னாய். அத்தையிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். காய்ச்சல் வந்தால் சொல்வதில்லையா. இந்த நோய்க்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டாம், உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, நீயும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடு.

மூவரும் நீண்ட ஆயுசோடு இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய், என்னிடம் பேச வேண்டாம், நேராக இவளிடம் பேசி, நான் போன வாரம் போனில் சொன்னது தப்பு என்று சொல். இந்த வரிக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அண்ணன் பாவம் என்கிறாள். எழுதினால்தான் கைநாட்டு வைப்பேன் என்று உட்கார்ந்திருந்தேன். எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)